ஒளி தங்கைக்கு, சூடு எனக்கு

டொரோண்டோவில் இருக்கும் என் தங்கை, முகமெல்லாம் ஜெல் பூசி, இரு கண்களையும் கறுப்பு மூடியால் அடைத்துக்கொண்டு படுத்திருக்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். விபத்தோ என்று நான் பதறி அழைத்தால் அவள் சிரிக்கிறாள். கண் வறட்சிக்கு ஒளிச் சிகிச்சையாம். "அக்கா, உங்களுக்கும் இதே வருத்தம்தானே. கொழும்புக்குப் போய்ச் செய்துகொள்ளுங்கள், காசை நான் அனுப்புகிறேன்" என்றாள். காசு அனுப்புகிறேன் என்று அவள் சொன்னால் அது கட்டளை.

வருத்தம் உண்மைதான். திருகோணமலை நகரில் தையல் கடை வைத்திருப்பவள் நான். பட்டுக்கரை பிடிக்கும்போதும் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போதும் இமைக்க மறந்துவிடும். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று வேறு. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, நாட்டைக் கடந்து காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் வருகிறது அது. கதவைத் திறந்தால் புழுதி, சாத்தினால் புழுக்கம். ஆகவே நேர் முகத்துக்கு மின்விசிறி. மாலையானால் கண்ணில் மணல் போட்டது போல உறுத்தும், பிறகு தாரை தாரையாக நீர் வடியும். இவ்வளவு நீர் கொட்டுகிற கண்ணை வறண்ட கண் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கடைக்கு வருகிறவர்கள் எனக்கு வீட்டில் ஏதோ கவலை என்று எண்ணி ஆறுதல்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

கண் வைத்தியர் நெடு நேரம் எடுத்து இதை விளக்கினார். கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. கருவிழியோடு ஒட்டச் சளி போன்ற ஒரு பூச்சு, நடுவில் நீர், எல்லாவற்றுக்கும் மேல் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் நீர் உடனே ஆவியாகிவிடும். கண் எரிந்து, அந்த எரிச்சலுக்குப் பதிலாக மேலும் நீரைச் சுரக்கும், அதுவும் நிற்காமல் வடிந்துவிடும். மஞ்சள் சாயம் ஒன்றைக் கண்ணில் தொட்டு, நீலவெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு, இமைக்காமல் இருக்கச் சொன்னார். படலம் எத்தனை விநாடியில் கிழிகிறது என்பது கணக்கு. 10 விநாடிக்குக் குறைந்தாலே சரியில்லை என்று பொருள். என் கண்ணில் அவர் எண்ணத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டார்.

எண்ணெயைச் சுரப்பவை இமையின் விளிம்பில் வரிசையாக நிற்கும் மைபோமியன் சுரப்பிகள். 1666இல் அவற்றை விவரித்த ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் வைத்தியரின் பெயர். மை போடுகிற இடத்தில் இப்படி ஒரு பெயர் அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு மறக்காமல் போனது அதனால்தான். கீழிமையை அவர் மெல்ல அழுத்தியபோது, தெளிந்த எண்ணெய் வரவேண்டிய வாயில்களில் வெள்ளையாகக் கட்டிதான் எட்டிப்பார்த்ததாம். குளிர் மலை ஊரான நுவரெலியாவுக்குக் கொண்டுபோன தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நினைத்துக்கொண்டேன். எண்ணெய் இருக்கிறது, போத்தல் கவிழ்ந்தும் இருக்கிறது, ஒரு துளி விழாது. இங்கே கீழே கொண்டுவந்தால் தானாக உருகும். என் இமைக்கும் வேண்டியது அதுதான் என்று அவர் சொல்லுமுன்பே எனக்கு விளங்கிவிட்டது.

அப்படியானால் தங்கையின் ஒளி என்ன செய்கிறது? அது லேசர் அல்ல. செனான் விளக்கிலிருந்து பாயும், பல அலைநீளங்கள் கலந்த துடிப்பொளி. முதலில் அது தோல் வைத்தியர்களின் கருவி. முகம் சிவந்து இரத்தக்குழாய்கள் தெரியும் ரொசேசியா நோய்க்குப் பயன்பட்டது. அமெரிக்காவில் ரொலாண்டோ டொயோஸ் என்ற கண் வைத்தியர், அப்படிச் சிகிச்சை பெற்றவர்களின் கண் வறட்சியும் தணிவதைக் கவனித்து 2000களின் தொடக்கத்தில் இதைக் கண் பக்கம் திருப்பினார். ஒளியைக் கண்ணில் அடிப்பதில்லை. கண்ணை மூடிவிட்டு, ஒரு காதின் முன்னிருந்து மறு காதின் முன்வரை, கீழிமைக்கு அடியில் கன்னத்திலும் மூக்கிலும் அடிக்கிறார்கள். அங்குள்ள விரிந்த நுண் குழாய்களின் இரத்தம் ஒளியை உறிஞ்சிச் சூடாகிக் குழாய் அடைபட, இமைக்கு வந்துகொண்டிருந்த அழற்சி குறைகிறது என்பது விளக்கம். சில வார இடைவெளியில் 4 தடவை, ஒவ்வொன்றின் முடிவிலும் சுரப்பிகளைப் பிதுக்கிவிடுதல்.

சிக்கல் எங்கே என்றால், ஒளியை உறிஞ்சுவது இரத்தம் மட்டுமல்ல. தோலின் கறுப்பு நிறமியும் உறிஞ்சும். நிறம் கூடக்கூடச் சூடு தோலிலேயே தங்கிவிடும். கொப்புளமும் கரும் அல்லது வெண் தழும்பும் வரலாம். தோலை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் ஒரு அளவுகோல் இருக்கிறது. 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் அதை வகுத்தபோது முதல் 4 படிகளும் வெள்ளைத் தோலுக்கே. எங்களைப் போன்றவர்களைப் பிற்பாடுதான் 5, 6 என்று சேர்த்தார்கள். கண் வறட்சிக்கென 2021 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த முதல் துடிப்பொளிக் கருவியும் 1 முதல் 4 வரையான தோலுக்குத்தான். வைத்தியர் என் முன்கையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். தங்கைக்கு அம்மாவின் நிறம், அதிலும் இருபது குளிர்காலம் கண்டவள். எனக்கு அப்பாவின் நிறம். கல்யாணப் பேச்சுக் காலத்தில் இதைப் பற்றி நான் கேட்காத கதை இல்லை. கண் வருத்தத்திலும் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வெயில்பட்டுக் கறுத்த தோலிலும் செய்யமாட்டார்கள், செய்தபின் வெயிலில் போகவும் கூடாது. உப்புவெளிக்கும் நகருக்கும் ஸ்கூட்டரில் அலைகிறவளுக்கு அது வேறு.

தங்கை விடுவாளா? அடுத்து லிப்பிஃப்ளோ என்றாள். 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த கருவி. இமைக்கு உள்பக்கமிருந்து 42.5 பாகை சூடு கொடுத்து, வெளியிலிருந்து துடித்துத் துடித்து அழுத்தும். 12 நிமிட வேலை. தோல் நிறம் இதற்குத் தடையில்லை. ஆனால் பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2024இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வழமையான மற்றச் சிகிச்சைகளைவிட இது தெளிவாக மேல் என்று காட்டவில்லை. சிவப்பு எல்இடி முகமூடி ஒன்றும் உண்டு, அதற்கும் நிறம் பெரிய தடையில்லை, சான்றுகள் இன்னும் சிறியவை. பெரிய தொகைகளை நான் சட்டைத் தையல் கூலியில்தான் கணக்குப் பார்ப்பேன். பார்த்தேன். இமைக்கு வீட்டிலேயே சூட்டு ஒத்தடத்தை ஒழுங்காகக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

ஒழுங்காக என்பதுதான் இதில் முழு விசயமும். துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்து வைத்தால் இரண்டொரு நிமிடத்தில் ஆறிவிடும். கட்டிபட்ட எண்ணெய் இளக, இமையின் உள்பக்கம் 40 பாகையளவு சூட்டைத் தொட்டு அங்கேயே சில நிமிடம் நிற்கவேண்டும். ஆகவே ஒரு பை தைத்தேன். மெல்லிய பருத்தித்துணி, உள்ளே பச்சையரிசி. அரிசி ஒரு பக்கம் சேராமல் இருக்கக் குறுக்கே கட்டம் கட்டமாகத் தையல். மூக்குக்கு ஒரு வளைவு. இமை மேல் படும் பக்கத்தில் மடிப்பே வரக்கூடாது, அழுத்தும். கழற்றித் துவைக்க மேலுறை. பக்கத்து வீட்டு மைக்ரோவேவில் சிறிது சிறிதாகச் சூடேற்றி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணுக்கு. ஒன்று ஆறினால் மாற்ற இன்னொன்று. பத்து நிமிடம் கழித்து, சுத்தமான விரலால் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவுவேன். கண்ணைக் கசக்கக் கூடாது. சூடான கருவிழி அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கன்னியா வெந்நீர் ஊற்றில் கண்ணைக் கழுவினால் போதுமே என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். இராவணன் தாயின் கிரியைக்காக வாளை ஊன்றித் திறந்ததாகச் சொல்லும் அந்த ஏழு கிணறுகளுக்கு நான் பக்தியோடு போகிறவள்தான். தலையில் வாளியால் அள்ளி ஊற்றவும் பிடிக்கும். ஆனால் சூடு வேண்டியது இமைக்கு. ஊர் முழுதும் குளிக்கிற தண்ணீர் கண்ணுக்குள் போகவேண்டியதில்லை.

சில வாரங்களில் மாலை உறுத்தல் தணிந்தது. நாலு நாள் சோம்பல்பட்டால் திரும்பி வருகிறது. மின்விசிறியைப் பின்பக்கம் வைத்துவிட்டேன். ஊசி கோக்குமுன் இரண்டு தடவை முழுதாக இமை மூடித் திறக்கிறேன், ஒவ்வொரு முழு இமைப்பும் அந்தச் சுரப்பிகளைக் கொஞ்சம் பிழிவதால். தங்கை தன் ஒளியால் பயன் உண்டு என்கிறாள், மறுபடி செய்யவேண்டி வரும் என்றும் சொல்கிறாள்.

பை தைத்த செய்தி பரவி, இப்போது சட்டையோடு சேர்த்து அதையும் கேட்கிறார்கள். தைத்துக் கொடுக்கிறேன். போன கிழமை வந்த ஒரு ஆசிரியைக்கு மட்டும் மறுத்துவிட்டேன். கண்ணோடு வாயும் காய்கிறதாம், விரல் மூட்டுகள் காலையில் விறைக்கிறதாம். அது எண்ணெய்க் குறையாக இல்லாமல், உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம், இரத்தம் சோதிக்கவேண்டும். அளவெடுக்கும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, கண் கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்குப் போனால் நம்பர் கிடைக்கும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்.