ஹெக்கா கோல்: கொக்கி வளைவு ஒருவழியாகப் படிந்தது

எகிப்திய மன்னர்கள் ஏந்திய கொக்கி முனைக் கோலான ஹெக்காவுக்கு ஒரு நகல் செய்கிறேன். மூன்று தடவை சொதப்பிய வளைவு நான்காவது தடவை இடைவெளி இல்லாமல் படிந்துவிட்டது. மாதிரி, துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த கோலும் கசையும்: வெண்கலக் கருவின் மேல் பொன்னும் நீலக் கண்ணாடியும் மாறிமாறி. இங்கே கரு 6 மி.மீ. செம்புக் கம்பி, பொன்னுக்கு 16 மி.மீ. பித்தளைக் குழாய், கண்ணாடிக்கு ஃபயான்ஸ் (குவார்ட்ஸ் தூளைச் சோடா உப்போடு குழைத்துச் சுடும் எகிப்தியப் பீங்கான்).

நேர்த்தண்டில் சொல்ல ஒன்றுமில்லை. வம்பெல்லாம் கொக்கியில். மைய ஆரம் 30 மி.மீ. என்றால் உள்விளிம்பு ஆரம் 22, வெளிவிளிம்பு 38. நேராக வெட்டிய வளையம் வெளிப்பக்கம் பல்லிளிக்கும். அரைவட்டத்துக்கு நான்கு நீலம், நான்கு பித்தளை என்றால், ஒவ்வொன்றும் உள்ளே 8.6, வெளியே 14.9 மி.மீ. உள்ள ஆப்பு. பித்தளையை மைட்டர் பெட்டியில் (சாய்வாக அறுக்க வழிகாட்டும் சட்டம்) வைத்து அறுத்தால் தீர்ந்தது. ஃபயான்ஸ் அப்படியில்லை, சுருங்கும். சோதனைப் பட்டை 100க்கு 94 வந்ததால் அச்சு 9.1, 15.9, குறுக்களவு 17. கம்பி நுழையும் துளையை 7 வைத்தபோது வளைவின் வாயிலேயே இறுகியது. 8 வைத்தால் சுட்டபின் 7.5, வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்த தலைவலி உப்பு. உலரும்போது சோடா மேலே வந்து பூப்பதுதான் சூளையில் மெருகாகிறது. படுக்க வைத்தால் அடிமுகம் மொட்டை. பூத்தபின் விரல் பட்டால் அந்த இடம் வெளிறிச் சொரசொரக்கும். ஈரத்திலேயே துளையில் காகித உறிஞ்சுகுழலைச் செருகி, அதன் இரு நுனியையும் தாங்கி, மூடாமல் இரண்டு நாள் விடவும். குழல் மறைத்த துளைக்குள் உப்பு பூக்காது. அதனால் நிக்ரோம் கம்பியில் தொங்கவிட்டு 920 டிகிரியில் சுட்டாலும் ஒட்டிக்கொள்வதில்லை.

நிறத்துக்கு, ஃபயான்ஸ் கலவையில் செம்பு கார்பனேட் மட்டும் போட்டால் பச்சை கலந்த வெளிர்நீலம்தான். கருநீலத்துக்கு கோபால்ட் கார்பனேட் 1 சதவீதம் வேண்டும், விலையோ கொள்ளை. 10 கிராம் சில்லறையாகத் தரும் கடையைத் தேடிப் பிடியுங்கள். ‘200 மெஷ்’ (சல்லடைக் கண்ணின் நுண்மை அளவு) என்று அச்சடித்த குவார்ட்ஸ் பையையும் நம்பாமல் சலித்துவிடுங்கள். பரல் இருந்தால் ஆப்பின் மெல்லிய விளிம்பு உதிரும்.

இதற்குப் பிறகு எகிப்தின் அபிடோஸில் கிடைத்த, பண்டைய மன்னர் காசெக்கெம்வியின் செங்கோலைச் செய்யும் எண்ணம்: செந்நிற சார்டு கல் உருளைகள், இடையிடையே பொன் பட்டை, நடுவில் செம்புக் கம்பி. முழுக்க நேர்த்தண்டு, புண்ணியமாகப் போகும்! ஆனால் ஹெக்காவின் நுனி வெளிப்புறம் சுருளும் இடம் இன்னும் பாக்கி. அங்கே ஆரம் 15தான். இதே ஆப்பைத் திருப்பிப் போட்டாலும் சேராது, வேறு அச்சு வெட்டியாக வேண்டும்.