கொழும்புப் பார்சிகளைப் படம் பிடித்த அனுபவம்

புறக்கோட்டையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடக்காமல் பிரதான வீதிக்குள் போன கொழும்புக்காரர் குறைவு. பிரம்ஜி பிக்காஜி கான் என்ற பார்சியின் நினைவாக அவருடைய மகன்மார் கட்டி, 1923 ஜனவரி 4இல் நகர மக்களுக்குக் கொடுத்த கோபுரம் அது. பார்சிகள் என்றால் முன்னொரு காலம் பாரசீகத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த சரதுஸ்திர சமயத்தவரின் வழியில் வந்தவர்கள். 2001 முதல் 2004 வரை நிதியமைச்சராக இருந்த கே. என். சொக்ஸியும் பார்சிதான். இன்று முழு இலங்கையிலும் அவர்கள் நூறு பேர்கூட இல்லை. பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள், வெளியில் மணம் முடிக்கிறார்கள், பிறப்பும் குறைவு. இருப்பவர்களையாவது முறையாகப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

பாதி வேலை கமராவைத் தொடாமலே நடக்கும். இவ்வளவு சிறிய சமூகத்தில் ஒரு வீட்டில் நாம் நடந்துகொண்ட விதம் அடுத்த வீட்டுக்கு நமக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். எனவே முதலில் மூத்தவர்களிடம் போனேன். படம் எதற்கு, யாரிடம் இருக்கும் என்று சொன்னேன். தேத்தண்ணீர் குடித்தேன், கதைத்தேன், வந்துவிட்டேன். அவர்களுடைய வழிபாட்டு இடத்துக்குள் மற்றவர்கள் போவதில்லை. அங்கே எரியும் நெருப்பைப் படம் எடுக்கக் கேட்க மாட்டேன் என்று நானே முந்திச் சொன்னேன். அதன்பிறகு பேச்சு இலகுவாகிவிட்டது.

ஒரு அன்ரி தன் குஸ்தியைக் காட்டினார். சுத்ரே என்ற வெள்ளை உள்சட்டைக்கு மேல் இடுப்பில் மூன்று சுற்றாகக் கட்டும் கயிறு அது. செம்மறி உரோமத்தில் 72 இழைகள், யஸ்னா என்ற அவர்களுடைய வேதப்பகுதியின் 72 அதிகாரங்களுக்காக. கட்டும் நேரம் பிரார்த்தனை நேரம், அப்போது கமராவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு யன்னலோரக் கதிரையில் இருந்து, மடியில் அதை விரித்து, நுனிக் குஞ்சத்தை விரலால் நீவிவிட்டார். அந்தக் கையைத்தான் எடுத்தேன்.

என் கணக்கில் புதுப்படங்களைவிடப் பழைய அல்பங்கள் அவசரம். படத்தில் இருப்பவர்களின் பெயர் சொல்ல ஒருவரோ இருவரோதான் மிச்சம். பிளாஷ் போடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில், கமராவை நேர் மேலே நிறுத்திப் பிரதி எடுத்தேன். ஒவ்வொரு முகத்தையும் தொட்டு அவர்கள் பெயர் சொல்லச் சொல்லக் குரலையும் பதிந்தேன்.

இன்னொன்று. கிழவர்களை மட்டும் எடுத்தால் அது பொய்க்கணக்கு. கணினி முன் வேலை செய்யும் பேத்தி, பள்ளிக்கூடச் சீருடையில் சோம்பல் முறிக்கும் பையன், அவர்களும் பார்சிகள்தான். அந்தப் படங்களுக்காக நான் பிடிவாதமாக நின்றேன். வீட்டாருக்கும் அவைதான் பிடித்தன.

ஒருவர் மட்டும் தன் படம் வெளியே போகவேண்டாம் என்றார். சரி என்று, அச்சிட்ட படத்தையும் அதன் கணினிக் கோப்பையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். மற்ற வீடுகளுக்கும் ஆளுக்கொரு பிரதி போயிற்று, பின்பக்கம் பெயரும் ஆண்டும் மென்பென்சிலில் எழுதி.