மேற்கு மதிலோரத்துக் கம்பி

நமது கல்லூரியின் மேற்கு மதிலோரம், வேப்பமரத்துக்கும் பழைய கிணற்றுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. எழுபதுகளில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பனங்குற்றிகளை ஆழ நட்டு, தலைப்பில் துளையிட்டு, தண்ணீர்க் குழாய் ஒன்றைக் குறுக்கே செருகியிருந்தார்கள். கீழே மணற்காட்டிலிருந்து வண்டியில் ஏற்றிவந்த மணல். மாரி கழிந்ததும் அந்த மணல் இறுகிக் கட்டியாகிவிடும். கம்பியில் ஏற விரும்புகிறவன் முதலில் மண்வெட்டி எடுத்து மணலைக் கொத்திப் பரப்ப வேண்டும். அது எங்கள் உடற்பயிற்சி மாஸ்ரரின் சட்டம்.

அந்தக் கம்பியைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் கடந்த மாசி மாதம் நியூ ஜேர்சியில் உண்டானது. ரொறன்ரோவிலிருந்து மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்திக்கு ஒன்பது வயது, ஜிம்னாஸ்ரிக்ஸ் பழகுகிறாள். அமெரிக்காவில் இந்தப் பயிற்சியைப் பத்து நிலைகளாக வகுத்திருக்கிறார்கள். அவள் நான்காம் நிலையில் நிற்கிறாள். வீட்டில் எந்நேரமும் ‘கிப்’ என்ற சொல்லே கேட்டது. கிப் வந்தால்தான் நான்காம் நிலை என்றும், அது வராமல் ஒரு வருடம் மூன்றாம் நிலையிலேயே நின்றாள் என்றும் மகள் சொன்னாள். அது என்னவென்று பார்க்க ஒரு மாலை பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். சிறுமி ஒருத்தி தாழ்ந்த கம்பியைப் பிடித்து, கால்களை முன்னே நீட்டி வழுக்கிப் போய், திரும்பி வரும் வேகத்தில் கம்பிக்கு மேலே எழும்பி நின்றாள். நான் இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். மாஸ்ரர் எங்களுக்கு ‘அப்ஸ்ராட்’ என்று சொல்லித்தந்தது அதுதான். ஆங்கிலேயர் வைத்த பெயர் அவர் வாயில் இருந்தது. அமெரிக்கர் வழங்கும் பெயர் பேத்தியின் வாயில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, பாதம் நிலத்தை உரசாமல் உடம்பை முன்னே வழுக்கவிட வேண்டும். எட்டக்கூடிய கடைசி எல்லையில் கைகளிலிருந்து கால்விரல் வரை முழு உடம்பும் நீண்டுவிட வேண்டும். உடம்பு பின்னோக்கித் திரும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில் கணுக்கால்களைக் கம்பிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கம்பி முழந்தாளைத் தாண்டி, தொடையைத் தாண்டி, இடுப்புவரை உடம்போடு ஒட்டியபடி வர வேண்டும். காற்சட்டையை இழுத்துப் போடுவதுபோல என்பார் மாஸ்ரர். நியூ ஜேர்சியில் அந்தப் பயிற்றுநர்ப் பெண்ணும் பிள்ளைகளுக்கு அதையேதான் சொன்னார். கடைசியில் மணிக்கட்டு கம்பிக்கு மேலே புரள, தோள் முன்னே சாய, நீட்டிய கைகளில் உடம்பு நிற்கும். தொடங்கி முடிய இரண்டு, மூன்று விநாடி. ஆரம்பநிலைப் பயிற்சி என்று இதை வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் வருவதால் இலகுவானது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். காலை ஆறரை மணிக்கு வந்துவிடுவோம், வெயில் ஏறினால் குழாயைத் தொட முடியாது. பனி ஈரத்தைச் சாரத்தால் துடைத்துவிட்டு, வகுப்பறைத் துடைப்பானைத் தட்டி வெண்கட்டித் தூளை உள்ளங்கையில் பூசிக்கொள்வோம். வயிற்றைக் கம்பியில் ஏற்றிப் பின்பக்கமாகச் சுழன்று எழுவதைப் பலசாலிப் பையன்கள் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டார்கள். அப்ஸ்ராட்டில் அவர்களுடைய பலம் நின்றுபோனது. தோட்டவேலை செய்து உரமேறிய கை உள்ளவன், இருபது முறை நாடியைக் கம்பிக்கு உயர்த்தக் கூடியவன், ஒரு தவணை முழுவதும் முக்கி முக்கிப் பார்த்துவிட்டு மணலில் விழுந்தான். முதலில் எழும்பியவன் ஏழாம் வகுப்பில் படித்த ஒரு மெலிந்த பையன். பலத்தால் இழுக்கிறவன் உடம்பு நீளும்வரை பொறுக்க மாட்டான், காலை முன்கூட்டியே கம்பிக்குக் கொண்டுவந்துவிடுவான். அந்தப் பையன் பொறுத்தான்.

எனக்கு வரவில்லை. மாஸ்ரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பிக்குப் பக்கவாட்டில் முழந்தாளிட்டு நிற்பார். ஒரு கை என் முதுகில், மற்றக் கை தொடையின் கீழே. முதல் மாதம் என்னைத் தூக்கியே மேலே வைத்தார் என்று சொல்லலாம். போகப் போக உள்ளங்கை இரண்டு விரலாகக் குறைந்தது. பிறகு அந்த விரல்களும் தொட்டனவா இல்லையா என்று எனக்கே தெரியாமல் போனது. ‘சேர், நீங்கள் பிடித்தீர்களா?’ என்று கேட்பேன். ‘அதை நீதான் சொல்ல வேண்டும், தம்பி’ என்பார்.

1976 ஆம் ஆண்டு நான் எட்டாம் வகுப்பு. அந்த ஆடி மாதம் மொன்றியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவைச் சேர்ந்த பதினான்கு வயது நாடியா கொமனேச்சி ஏற்றத்தாழ்வுக் கம்பிகளில் பத்துக்குப் பத்துப் பெற்றார். ஒலிம்பிக் பெண்கள் ஜிம்னாஸ்ரிக்ஸில் அதற்கு முன் எவருக்கும் கிடைக்காத புள்ளி. புள்ளிப் பலகைக்குப் பத்தைக் காட்டும் வசதி இல்லாததால் 1.00 என்று காட்டியது. இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979 இல்தான் வந்தது. ஆகவே அவர் கம்பியில் அசைந்ததை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பத்திரிகையில் வந்த படத்தை மாஸ்ரர் வெட்டி, விளையாட்டு அறைக் கதவின் உட்பக்கத்தில் கோதுமைமாப் பசையால் ஒட்டினார். அன்று அவர் சொன்ன ஒரு விடயம் இன்றுவரை என்னோடு இருக்கிறது. அந்த முதல் பத்து கிடைத்தது கட்டாயப் பயிற்சிக்கு. அதாவது போட்டிக்கு வந்த எல்லாப் பெண்களும் அதே அசைவுகளை அதே ஒழுங்கில் செய்தார்கள். புதிதாக ஒன்றையும் காட்டி அவர் அந்தப் புள்ளியை வாங்கவில்லை, எல்லோரும் செய்ததைப் பிழையில்லாமல் செய்து வாங்கினார். இதைச் சொல்லிவிட்டு எங்களை மறுபடியும் மணல் கொத்த அனுப்பினார்.

ஒலிம்பிக்கில் அந்தக் கட்டாயப் பயிற்சி 1996 அற்லாண்டாவோடு நிறுத்தப்பட்டுவிட்டது. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. நான்காம் நிலைச் சிறுமிகளிடம் அது தொடர்ந்து இருப்பதைக் கண்டபோது மனம் நிறைந்தது.

1977 ஆம் ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டியில் கம்பிப் பயிற்சியையும் சேர்த்தார்கள். ஓர் இல்லத்துக்கு மூன்று பேர், எல்லோருக்கும் ஒரே நான்கு அசைவுகள், முதலாவது அப்ஸ்ராட். பெற்றோரும் அயல் பாடசாலை ஆசிரியர்களும் மதிலோரம் கதிரை போட்டு அமர்ந்திருந்தார்கள். பாதுகாப்புக்கு மாஸ்ரர் கீழே நிற்பார், ஆனால் அவர் கை பட்டால் புள்ளி குறையும். என் முறை வந்தது. வழுக்கிப் போனேன், திரும்பினேன், கம்பி தொடைவரை வந்து நின்றுவிட்டது. மாஸ்ரரின் கை என் முதுகுக்குப் பின்னால் கூடவே வந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன். ஒரு விரல் பட்டிருந்தால் ஏறியிருப்பேன். அது படவில்லை. மணலில் இறங்கி மறுபடி முயன்றேன், அதுவும் போயிற்று. என் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இல்லம் கடைசியாக வந்தது. நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவதுபோல நின்று அழுதேன். புள்ளி போனால் போகட்டும் என்று அவர் தொட்டிருக்கலாமே என்ற கோபம் எனக்குப் பல வாரம் ஆறவில்லை. அவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு, கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வழமைபோல நின்றார்.

புரட்டாதி மாதத்தில் ஒரு காலை அது வந்தது. என்ன மாற்றிச் செய்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. இழுத்த நினைவே இல்லை, கம்பி தானாக இடுப்புக்கு வந்தது. மேலே நின்றபடி திரும்பிப் பார்த்தேன். மாஸ்ரர் ஓரடி பின்னால், இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றார். ‘இடது முழங்கை மடங்கியது. திரும்பச் செய்’ என்றார். மகிழ்ச்சியில் அவர் கழுத்துக்குழி துடித்ததை மட்டும் கண்டேன்.

நான் 1984 இல் ஊரை விட்டு வந்தேன். மாஸ்ரர் தொண்ணூறுகளில் காலமானதைக் கடிதத்தில் அறிந்தேன். பனங்குற்றிகள் யுத்தகாலத்தில் பதுங்குகுழிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நியூ ஜேர்சியில் கம்பிக்குக் கீழே மணல் இல்லை, முழந்தாளளவு மெத்தை. கம்பியும் நார்க்கண்ணாடியின் மேல் மரம் பொதிந்தது. உள்ளங்கை மட்டும் மாறவில்லை. போட்டிக்கு நான்கு நாள் முன்னால் பேத்தியின் வலது கையில் காய்த்திருந்த தோல் நாலணாக் காசளவு கிழிந்தது. பயிற்சி முடிந்து வந்தவள் சமையலறையில் தேநீர்ப் பையொன்றை நனைத்துப் பிழிந்து, கிழிந்த இடத்தில் வைத்துக் கையை மூடிக்கொண்டாள். தேயிலையின் சாயம் தோலை இறுக்கும் என்று அங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். நாங்கள் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினோம். தேயிலைத் தேசத்தில் பிறந்த எங்களில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லையே என்று வியந்தபடி அவளுக்கு இரண்டாவது பையை நனைத்துக் கொடுத்தேன்.

போட்டியன்று மண்டபத்தில் நான்கு பக்கமும் நான்கு போட்டிகள் ஒரே நேரத்தில் நடந்தன. கம்பிப் பக்கத்தில் ஒன்பது, பத்து வயதுப் பெண்கள் வரிசையாக அமர்ந்து, தங்கள் முறை வருமுன் கைகளால் காற்றில் கிப்பைச் செய்து பார்த்தார்கள். பத்திலிருந்து குறைத்துக்கொண்டு வருவார்கள். விழுந்தால் அரைப் புள்ளி போகும். பயிற்றுநர் தொட்டுத் தூக்கினாலும் புள்ளி போகும். எப்படியும் புள்ளி போகும் என்பதால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

பேத்தி நடுவருக்குக் கை உயர்த்தினாள். வழுக்கிப் போனாள். கால் சற்று முந்திவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. கம்பி தொடைவரை வந்து நின்றது. பயிற்றுநர் ஓரெட்டு முன்னே வந்தார். அவருடைய கை அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை தள்ளி, அவளோடு மேலே போய், அவளோடு கீழே இறங்கியது. தொடவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் பார்க்காத கை அது. பக்கத்திலிருந்த மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ‘ஒன்றுமில்லை, பிள்ளை’ என்றேன், கண்ணைத் துடைத்தபடி.

பேத்தி மெத்தையில் இறங்கி, மக்னீசியத் தூள் பெட்டிக்குப் போய்க் கையைப் பூசிக்கொண்டு வந்தாள். அழவில்லை. மறுபடி பிடித்தாள். இம்முறை உடம்பு நீளும்வரை காத்திருந்தாள். எழும்பினாள். அங்கிருந்து முன்பக்கச் சுழற்சி, கம்பியில் பாதம் வைத்து உயர்ந்த கம்பிக்குப் பாய்தல், எல்லாம் ஒழுங்காக நடந்தன. 8.15 போட்டார்கள்.

இடைவேளையில் தண்ணீர்ப் போத்தலோடு எங்களிடம் ஓடிவந்தாள். ‘அம்மப்பா, இரண்டாம் முறை கை மடங்கியதா?’

‘மடங்கியது, பிள்ளை. இடது முழங்கை.’

‘நானும் அப்படித்தான் நினைத்தேன்’ என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.