தப்பு விடை எழுதச் சம்பளம்

மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது பகலில் ஒரு ஆன்லைன் கல்வி நிறுவனத்துக்குக் கேள்விகள் எழுதித் தருகிறேன், ராத்திரியில் துபாய் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறேன். பழைய ஸ்டாஃப் ரூம் தோழிகள் "ஆன்லைனுக்கு மாறலாமா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2018-ல் தமிழ்நாட்டுப் புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு வந்தபோது, இதையெல்லாம் யார் ஸ்கேன் பண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேச்சு. அப்புறம் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, அதே பிள்ளைகள் அப்பாவின் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. இலவச சூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். எங்கள் பீரியடும் 40 நிமிடம்தான், ஆனால் "மிஸ் கேக்கல, மிஸ் கேக்கல" என்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

பள்ளியை விட்டதற்கு முக்கியக் காரணம் சம்பளம். இன்னொன்று, மே மாத வெயிலில் அட்மிஷன் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகச் சொல்வார்களே, அது. ஆன்லைனில் அந்தத் தொல்லை இருக்காது என்று நம்பித்தான் வந்தேன். நான் முதலில் சேர்ந்த இடத்தில் டெமோ வகுப்பு என்று ஒன்று வைத்தார்கள். வகுப்பு முடிந்ததும் அந்தப் பெற்றோர் பணம் கட்டினாரா இல்லையா என்பதை வைத்துத்தான் எனக்கு மதிப்பெண், பிள்ளைக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வெயில் இல்லை என்பதைத் தவிர அதுவும் கான்வாஸிங்தான். சில மாதத்தில் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது செய்கிற கேள்வி எழுதும் வேலை வேறு மாதிரி. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், கஷ்டமெல்லாம் மற்ற மூன்றில்தான். 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் கேட்டால் விடை 5. மீதி மூன்று இடத்தில் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் கேள்வி பாழ். 7 போட வேண்டும், ஏனென்றால் தனித்தனியாக வர்க்கமூலம் எடுத்து 3-ஐயும் 4-ஐயும் கூட்டும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. 12.5 போட வேண்டும், வர்க்கமூலம் என்றால் பாதி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்காக. கூட்டிய சந்தோஷத்தில் வர்க்கமூலத்தையே மறந்துவிடும் பிள்ளைக்கு 25. இப்படி எழுதினால், பிள்ளை எந்த விடையைத் தொட்டது என்பதைப் பார்த்தே எங்கே இடறியது என்று தெரிந்துவிடும், அதற்கு ஏற்ற வீடியோவை அடுத்து காட்டலாம். என்னைவிட நன்றாகக் கணக்குத் தெரிந்த, ஐஐடியில் படித்த பையன்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த 12.5 தோன்றாது, ஏனென்றால் ராத்திரி பத்து மணிவரை நோட்டு கரெக்‌ஷன் போட்டவர்கள் இல்லை. நாம் தலையில் அடித்துக்கொண்டு சிவப்பு மையில் சுழித்த அந்தத் தப்புகளுக்குத்தான் இங்கே மதிப்பு என்பது எனக்கே ஆச்சரியம்.

ராத்திரி எடுக்கும் ஆன்லைன் வகுப்பில் பெரிய குறை, முகம் தெரியாது. கேமராவைப் போடச் சொன்னால் நெட் ஸ்லோ என்பார்கள். வகுப்பறையில் பின் பெஞ்சின் நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்தே மறுபடி சொல்லுவோம் இல்லையா, அது இல்லவே இல்லை. ஆனால் சாட்டில் எழுதுவது எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டேன். வாயே திறக்காத பெண் அதில் வரிவரியாகக் கேட்கிறாள்!

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைக்கு வருவது பள்ளிச் சம்பளத்தைவிட அதிகம், ஆனால் பிஎஃப் கிடையாது, 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், லீவு போட்டால் காசு இல்லை. துபாயில் ஆறு மணி என்றால் நமக்கு ஏழரை, வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போதுதான் எனக்கு வகுப்பு. நிறுவனம் பெரியது என்பதாலும் நிம்மதி இல்லை. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ஆன்லைன் கல்வி நிறுவனம் பைஜூஸ், அந்தக் கிரிக்கெட் வாரியத்துக்கு வைத்த பாக்கி தொடர்பான வழக்கிலேயே 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது.

அதனால் மாறுகிறவர்கள் வேலையை விடுவதற்கு முன்னாலேயே ஒரு விடுமுறையில் மாதிரிக்குக் கேள்வி எழுதிப் பாருங்கள், பேனா டேப்லெட்டில் எழுதிப் பழகுங்கள் (மவுஸை வைத்து முக்கோணம் வரைந்தால் அது உருளைக்கிழங்கு மாதிரி வரும்), இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளியாக இருந்தால், ஏதாவது காரணம் சொல்லி அவற்றை முதலில் கைக்கு வாங்கிவிட்டு, அப்புறம் ராஜினாமாப் பேச்சை எடுங்கள்.