பாவும் ஊடையும்

ஜூலை 2
பாவு நூலை ஒவ்வொன்றாய் எண்ணலாம். குறுக்கே விழும் ஊடை பஞ்சாய்க் கிடக்கிறது. ஒரே கண், ஒரே தறி.

ஜூலை 5
கண்ணாடி போட்டால் தறியே ஒரு பக்கம் சரிகிறது. கழற்றிவிட்டேன். கண்ணின் கோணல் 3 சிலின்டராம், கண்ணாடி அளவில் அப்படித்தான் சொல்கிறார்கள். கண்ணில் வெண்புரை, கற்றராக், எடுத்தபோது சாதாரண லென்ஸ்தான் வைத்தார்கள். கருவிழியின் வளைவு முந்தியே கோணல் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 9
கொழும்பு. பழைய லென்ஸை எடுக்கத் தேவையில்லையாம். கோணலைச் சரிசெய்ய அதற்கு முன்னால் இன்னொரு மெல்லிய லென்ஸ். அதிலுள்ள அடையாளங்கள் என் கண்ணின் கோணத்தோடு பொருந்தி நிற்க வேண்டும். 1 பாகை கிறுகினால் நூற்றில் 3 பங்குக்கு மேல் பலன் போய்விடும். 30 பாகை கிறுகினால் வைத்தும் வைக்காத மாதிரி. கல்முனை பஸ்ஸில் விடியும்வரை நித்திரையில்லை.

ஜூலை 10
30.

ஜூலை 14
கண்ணுக்குள் வேற்றுப் பொருள், அதுவும் இரண்டாவது. மகள் பக்கத்தில் இருந்து சொன்னாள்: யுத்த விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துண்டு தங்கியும் கண் கோபிக்காததைப் பார்த்துத்தான் ரிட்லி என்ற டொக்டர் 1949இல் லண்டனில் முதல் லென்ஸை வைத்தாராம். "உங்கட கண்ணும் ஒண்டைத் தாங்கிட்டுத்தானே வாப்பா." கொஞ்சம் நெஞ்சு ஆறியது.

ஜூலை 21
முடிந்தது. படுக்கவைக்க முன் நிமிர்ந்து இருக்கச் சொல்லி விழியோரம் மையால் அடையாளம் வைத்தார்கள். படுத்தால் கண் தானாகவே கொஞ்சம் கிறுகுமாம். கண்ணே கிறுகுமென்றால் உள்ளே வைத்தது?

ஜூலை 22
குனியக்கூடாது. சுபஹைக் கதிரையில் இருந்து தொழுதேன். சுஜூதுக்குத் தலையை மட்டும் சாய்த்தேன். நெற்றி தரையைத் தேடுகிறது.

ஜூலை 23
இரவு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேனா? இல்லை என்கிறா மனைவி. அவவும் நித்திரைதானே.

ஜூலை 25
கடற்கரைக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. கடலும் வானமும் சேரும் இடத்தில் ஒரு கோடு. குறுக்குக் கோடு. நூல் மாதிரி, ஒற்றையாய். அல்ஹம்துலில்லாஹ். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் காணாதது போல.

ஜூலை 28
காலையில் ஊடை மங்கல். பின்னேரம் சரி. சொட்டு மருந்தா, கிறுகிட்டா? கண்மணியை விரித்துப் பார்த்தால்தான் அடையாளம் எங்கே நிற்கிறதென்று தெரியும். கிறுகியிருந்தால் திரும்பத் திறந்து நேராக்கலாமாம். திரும்பத் திறந்து.

ஜூலை 29
பஸ் இரவு 9 மணிக்கு. தறியில் பாதிச் சாரன் நிற்கிறது. ஒரு கண்ணைப் பொத்தி, மற்றதைப் பொத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.