எட்டு ஸ்டெப் சீக்வென்சரை ஏழு அட்சரத்துக்குத் திருத்தியது: டயோடை எடுத்துவிட்டு 4051

அனலாக் சிந்த் கைக்கு வந்ததும் அடுத்து வருகிற கேள்வி, "எத்தனை ஸ்டெப் சீக்வென்சர் வாங்கலாமுங்க?" சீக்வென்சர் என்பது ஸ்வரங்களை ஸ்டெப் ஸ்டெப்பாக வோல்ட்டில் அனுப்பி, சிந்த்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கும் பெட்டி. ஸ்டெப் எண்ணிக்கையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சிந்த்தின் பின்பக்கம் என்ன வோல்ட் கேட்கிறது என்று பாருங்கள்.

யூரோராக் (சிறு மாட்யூல்களைச் சேர்த்து அமைக்கும் சிந்த்) வகையறா எல்லாம் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட். அரை ஸ்வரத்துக்கு 83.3 மில்லிவோல்ட். கோர்க் எம்எஸ்-20, யமஹா சிஎஸ்-5, சிஎஸ்-10 போன்றவை ஹெர்ட்ஸ்/வோல்ட் கணக்கு. அங்கே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வோல்ட் இரட்டிப்பாகும்: 1, 2, 4. ஒன்றின் சீக்வென்சரை மற்றொன்றில் சொருகினால் எதுவும் எரியாது, ஆனால் மெட்டு கோணலாகப் போகும். ஸ்வரத்தைத் தொடங்கச் சொல்லும் சிக்னலான கேட் சமாச்சாரமும் இப்படித்தான். பெரும்பாலானவற்றுக்கு 5 வோல்ட் ஏறினால் ஸ்வரம் தொடங்கும். பழைய மூக், எம்எஸ்-20 ஆகியவற்றுக்கு கேட்டை கிரவுண்டுக்கு இழுத்தால்தான் தொடங்கும். இதைச் சரிக்கட்ட ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும்: கேட்டிலிருந்து 10கே வழியாக பேஸ், எமிட்டர் கிரவுண்டு, கலெக்டர் நேராக ஜாக்குக்கு.

கடையில் எடுப்பதானால் கோர்க் எஸ்கியூ-1 இந்த இரண்டு கணக்குக்கும் மாறும், கேட்டின் திசையையும் மாற்றலாம். இரண்டு வரிசையில் 8, 8 ஸ்டெப். ஆர்டூரியா கீஸ்டெப்பில் 32 கீ, 64 ஸ்டெப்; சிவி (ஸ்வரத்துக்கான வோல்ட்), கேட், மாட் (மாடுலேஷன்) மூன்றும் வெளியே வரும். மேற்கத்திய மெட்டுக்கு அதுவே தாராளம். தம்புராவோடு சேர்த்து வாசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். கீபோர்டு வெளியே தருவது சம இடைவெளி ஸ்வரம்: காந்தாரத்துக்கு 333 மில்லிவோல்ட். தம்புராவோடு சேர்கிற அந்தர காந்தாரம் 5:4 விகிதம், அதாவது 322 மில்லிவோல்ட். 11 மில்லிவோல்ட் என்பது காதுக்குத் தெளிவாகத் தெரியும். பஞ்சமம் 585, சுத்த மத்தியமம் 415. இவை இரண்டும் சம இடைவெளியிலிருந்து 2 மில்லிவோல்ட் மட்டுமே விலகுவதால் தொந்தரவு இல்லை. ஆகவே ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் தனி பாட் (திருகும் மாறுதடை) உள்ள, குவாண்டைஸ் இல்லாத, அதாவது அரை ஸ்வரப் படிகளில் ஒட்டவைக்காத சீக்வென்சர்தான் இந்த வேலைக்குப் பொருந்தும். எஸ்கியூ-1-இல் ஸ்கேலை லீனியரில் வைத்தால் அது நடக்கும். மிச்சமெல்லாம் நாமே செய்துகொள்வதைப் பற்றித்தான்.

முதல் வடிவம்: 4017

எல்லோரும் தொடங்குகிற சர்க்யூட் இது. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த அவுட்புட்டுக்கு நகரும் கவுண்டர் ஐசியான சிடி4017-இன் எட்டு அவுட்புட்டில் எட்டு 100கே பாட், ஒவ்வொரு பாட்டின் நடுக்காலிலிருந்தும் ஒரு 1என்4148 டயோடு, எல்லாம் சேர்ந்து ஒரே வயரில். ஒன்பதாவது அவுட்புட்டான 9-ஆம் காலை ரீசெட்டுக்கு, அதாவது 15-ஆம் காலுக்குக் கொடுத்தால் எட்டில் திரும்பும். பிரெட்போர்டில் சாயங்காலத்துக்குள் சத்தம் வந்துவிடும். சும்மா விளையாட நல்லது. ஸ்வரத்துக்கு ஆகாது, காரணங்கள் இருக்கின்றன.

பெரிய காரணம் டயோடு. அதன் வோல்ட் இறக்கம் 0.6 அளவு, அது ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் மாறும். 2 மில்லிவோல்ட் என்றால் 2.4 சென்ட் (அரை ஸ்வரம் நூறு சென்ட்). சித்திரை மாதத்தில் கோவையிலோ திருப்பூரிலோ விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஓட்டு வீட்டு அறையென்றால் கேட்கவே வேண்டாம். பத்து டிகிரிக்கு 24 சென்ட், அரை ஸ்வரத்தில் கால்வாசி. காலையில் சேர்த்த சுருதி சோற்று வேளைக்கு நிற்காது. பலரும் விசிஓவைத்தான் (சிந்த்தில் வோல்ட்டுக்கேற்ப சுருதி தரும் ஆசிலேட்டர்) குறை சொல்வார்கள். சந்தேகம் தீர, ஒரே ஸ்டெப்பில் நிறுத்தி சீக்வென்சர் அவுட்புட்டை மல்டிமீட்டரில் 2 வோல்ட் ரேஞ்சில் வைத்துக் காலையிலும் மதியமும் பாருங்கள். எண் நகர்ந்தால் சீக்வென்சர், நகராமல் சுருதி மட்டும் போனால் விசிஓ. 20 வோல்ட் ரேஞ்சில் பார்த்தால் பயனில்லை. சாதாரண மீட்டரில் அங்கே ஒரு இலக்கம் 10 மில்லிவோல்ட், அதுவே 12 சென்ட்.

அடுத்தது பாட்டின் நீளம். 12 வோல்ட்டை சுமார் 270 டிகிரி சுற்றில் பரப்பினால் ஒரு அரை ஸ்வரத்துக்கு 2 டிகிரிகூட வராது. விரல் பட்டாலே ரிஷபம் காந்தாரமாகிவிடும். எல்இடியையும் 4017-இன் அதே அவுட்புட்டில் தொங்கவிட்டால் அது வோல்ட்டை இழுத்துக் கீழே இறக்கும். அந்த இறக்கமும் ஸ்வரத்தில் சேரும்.

திருத்திய வடிவம்

4017-ஐ எடுத்துவிட்டு சிடி4520 (இரட்டை கவுண்டர்), சிடி4051 (எட்டு வழி சுவிட்ச்) இரண்டு, சிடி40106 (சிக்னலைத் திருப்பும் ஐசி), சிடி4081 (AND ஐசி), டிஎல்072 (ஓப்-ஆம்ப்), டிஎல்431 (நிலையான வோல்ட் தருவது). எல்லாம் காந்திபுரம் கடைகளில் கேட்டால் கிடைக்கிற சரக்குதான். சப்ளை பிளஸ் மைனஸ் 12. மைனஸ் 12 டிஎல்072-க்கு மட்டும்.

4520-இல் பாதியைத்தான் பயன்படுத்துகிறோம். ஸ்டெப்பை நகர்த்தும் துடிப்பான கிளாக் 1-ஆம் காலுக்கு, 2-ஆம் கால் பிளஸ் 12-க்கு. 3, 4, 5 ஆகிய கால்கள் 4051-இன் 11, 10, 9-க்கு. பயன்படாத பாதியின் 9, 10, 15 கால்களைக் கிரவுண்டு செய்துவிடுங்கள். சும்மா விட்டால் ஐசி தன்பாட்டுக்கு ஆடும். முதல் 4051-இன் எட்டு சேனலுக்கும் எட்டு பாட்டின் நடுக்கால். பொதுக்காலான 3-லிருந்து டிஎல்072 பஃபருக்கு. 6, 7, 8 கால்கள் கிரவுண்டு. சுவிட்சின் உள் தடை நூறு ஓமோ இருநூறு ஓமோ இருந்தாலும் பஃபர் கரண்டே இழுக்காததால் ஸ்வரத்தில் தெரியாது. டயோடு போன இடத்தில் வெப்பக் கணக்கும் போய்விடும். சேனல் மாறும்போது வருகிற மெல்லிய 'டிக்' சத்தத்துக்கு பஃபர் இன்புட்டில் 1 நானோஃபாரட் கண்டன்சர்.

பாட்களின் மேல்காலுக்கு நிலையான 5 வோல்ட் வேண்டும். 12-லிருந்து 2.2கே வழியாக டிஎல்431, இரண்டு 10கே ஒரு சதவீத ரெசிஸ்டர் பிரிப்பு, 4.99 வோல்ட் கிடைக்கும். டிஎல்431 தலையில் பழக்கதோஷத்தில் 0.1 மைக்ரோ போட்டுவிடாதீர்கள், சில அளவுகளில் அது ஆசிலேட் ஆகும். 10 மைக்ரோ போடலாம். எட்டு 100கே பாட் இணையாக 12.5கே, அதற்கு முன்னால் 25கே மல்டிடர்ன் பிரீசெட் வைத்து 2 வோல்ட்டுக்குச் சேர்த்து, அதை ஒரு சுவிட்சில் போட்டுவிட்டால் இரண்டு ரேஞ்ச். 5 வோல்ட்டில் அரை ஸ்வரத்துக்கு 4.5 டிகிரி, 2 வோல்ட்டில் 11 டிகிரிக்கு மேல். ராக வேலையெல்லாம் 2 வோல்ட் ரேஞ்சில்தான்.

பஃபர் அவுட்புட்டில் பாதுகாப்புக்கு 1கே போடுவது வழக்கம். சிந்த் இன்புட் 100கே என்றால் அந்த 1கே ஒரு சதவீதத்தைத் தின்னும்: 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட், 60 சென்ட். ஒரு விசிஓ மட்டும் இருந்தால் அதன் ஸ்கேல் பிரீசெட்டைத் திருப்பிச் சமாளிக்கலாம். இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டும் கெடும். 1கே-வை ஃபீட்பேக்குக்கு உள்ளே கொண்டுவாருங்கள். ஜாக் பக்கத்திலிருந்து 10கே வழியாக மைனஸ் இன்புட்டுக்கு, ஓப்-ஆம்ப் அவுட்புட்டிலிருந்து அதே மைனஸ் இன்புட்டுக்கு 47 பிகோஃபாரட்.

இரண்டாவது 4051 அதே முகவரி வயர்களில் (11, 10, 9 கால்கள்). அதன் பொதுக்காலுக்கு நேரே பிளஸ் 12. ஒவ்வொரு சேனலிலிருந்தும் 2.2கே, எல்இடி, கிரவுண்டு. எல்இடியும் எரியும், எந்த ஸ்டெப் என்று சொல்லும் லாஜிக் சிக்னலும் கிடைக்கும்.

தாளத்துக்கான சுவிட்ச் இங்கேதான் வருகிறது. எட்டு மட்டும் இருந்தால் ஆதி தாளத்தோடு நின்றுவிடும். வள்ளி கும்மி மெட்டுகள் பலவும் திஸ்ர நடை, அதற்கு 3 அல்லது 6 வேண்டும். கண்டத்துக்கு 5, மிஸ்ரத்துக்கு 7. ஆறு நிலை ரோட்டரி சுவிட்சில் இரண்டாவது 4051-இன் 12, 1, 5, 2, 4 ஆகிய கால்களைக் கொடுத்தால் வரிசையாக 3, 4, 5, 6, 7. கடைசி நிலை காலி, அது 8. சுவிட்சின் நடுக்கால் 4520-இன் ரீசெட்டுக்கு, 7-ஆம் காலுக்கு.

நேராகக் கொடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். 5-இல் வைத்தால் சில ஐசிக்கள் முதல் ஸ்டெப்புக்குப் போகாமல் ஐந்தாவதிலேயே நிற்கும். 5 என்பது பைனரியில் 101. ரீசெட் வந்ததும் கடைசி பிட் ஒரு கணம் முந்தி விழுந்தால் முகவரி 100 ஆகிவிடும். ரீசெட் கொடுத்த சேனலே அணைந்துபோகும், மேல் பிட் விழ நேரம் கிடைக்காது. ஒரு கடை ஐசியில் வரும், இன்னொன்றில் வராது என்பதால் தேடுகிறவருக்குத் தலைவலி. மருந்து சின்னது: சுவிட்சுக்குப் பிறகு ஒரு 1என்4148, ரீசெட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100கே, அதோடு 1 நானோஃபாரட். ரீசெட் கொஞ்சம் நீளமாக நிற்கும். இந்த டயோடின் வெப்பம் ஸ்வரத்தைத் தொடாது.

கேட்டுக்கு, ஒவ்வொரு சேனல் வயரிலிருந்தும் ஒரு டாகிள் சுவிட்ச், ஒரு டயோடு, எல்லாம் ஒரே வயரில் சேர்ந்து 100கே கிரவுண்டுக்கு. அதையும் கிளாக்கையும் 4081-இல் சேருங்கள். சேர்க்காவிட்டால் அடுத்தடுத்த இரண்டு ஸ்டெப் ஒரே நீண்ட கேட்டாகி என்வலப் (ஒவ்வொரு ஸ்வரத்தின் ஏற்ற இறக்கம்) மறுபடி தொடங்காது. வெளியே போகுமுன் 10கே, 6.8கே பிரிப்பில் 12-ஐ 4.9 வோல்ட் ஆக்கிவிடுங்கள்; சின்ன டிஜிட்டல் பெட்டிகளுக்கு 12 ஆகாது.

கிளாக்

உள் கிளாக் 40106-இல் ஒரு லாஜிக் கேட், 1 மைக்ரோ ஃபிலிம் கண்டன்சர், 22கே, 1எம் பாட். வேகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கவலை வேண்டாம். கோர்க் வோல்கா பெட்டிகளின் சிங்க் (வேகம் ஒத்துப்போக வெளியே தரும் சிக்னல்) 5 வோல்ட் பல்ஸ். 12 வோல்ட்டில் ஓடும் நம் சிமாஸ் ஐசிக்களுக்கு அது பாதிகூட இல்லை, எண்ணாது. பிசி547 ஒன்றை வைத்து ஏற்றி, 40106-இன் இன்னொரு லாஜிக் கேட்டில் திருப்பிவிட்டால் சரி. அந்த சிங்க் ஒரு அடிக்கு இரண்டு பல்ஸ் மட்டுமே, ஆகவே வோல்கா பதினாறில் ஓடினால் இது எட்டில் ஓடும். சில மெட்டுக்கு அதுவே அழகு.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன் லைனிலேயே வீட்டுக் கரண்டும் வந்தால், மோட்டார் போடும்போது சீக்வென்சர் ஒரு ஸ்டெப் தாவும். ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் காலிலும் 0.1 மைக்ரோ, போர்டு வாசலில் 100 மைக்ரோ, கிளாக் இன்புட் டிரான்சிஸ்டரின் பேஸில் 100கேயும் 1 நானோவும் கிரவுண்டுக்கு. வயர் சொருகாதபோது ஜாக்கின் சுவிட்ச் கால் கிரவுண்டில் இருக்கட்டும். மூன்றாவது பின்னில் நிஜமாகவே எர்த் இருக்கிறதா என்றும் ஒருக்கா பார்த்துவிடுங்கள்.

பாட் வாங்கும்போது B100K முத்திரை பாருங்கள், A என்றால் லாக். முத்திரை இல்லாவிட்டால் நடுவில் நிறுத்தி அளந்து பாருங்கள்: 50கே வந்தால் லீனியர், 15கே பக்கம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பனியன் கம்பெனி பக்கம் இருக்கிறவர்கள் மூடிய வகை பாட் வாங்குவது மேல். திறந்த பாட்டின் கால் பக்கத்து இடுக்கில் பஞ்சுத் துகள் புகுந்து கார்பன் தடத்தில் சாம்பல் நிறத்தில் படியும். ஒரே ஸ்டெப் மட்டும் அடிக்கடி சுருதி துள்ளினால் முதலில் அந்த பாட்டைத்தான் பார்க்க வேண்டும். பேனலுக்கு 2 மில்லி அலுமினியம், பாட்டுக்கு 7 மில்லி, 3.5 ஜாக்குக்கு 6 மில்லி துளை. கணபதி, பீளமேடு பட்டறைகளில் லேசரில் வெட்டிக்கொள்ளலாம்.

சங்கீர்ணம் 9-க்கு எட்டு ஸ்டெப் போதாது. 4520-இன் 6-ஆம் கால் இன்னும் காலியாக இருக்கிறது. அதை, முன்பு கிரவுண்டு செய்ததை எடுத்துவிட்டு, முதல் 4051-இன் 6-ஆம் காலுக்கும், 40106-இல் திருப்பிய சிக்னலைப் புதிதாகச் சேர்க்கும் 4051-இன் 6-ஆம் காலுக்கும் கொடுத்து, இரண்டின் 3-ஆம் காலையும் இணைத்தால் 16 ஸ்டெப். எல்இடி பக்கத்துக்கும் இதே மாதிரி இன்னொன்று. 9-க்கு ரீசெட் எடுக்க வேண்டியது புதிய எல்இடி 4051-இன் 14-ஆம் கால். பாட் பதினாறாகும்போது இணைத்தடை 6.25கே ஆகிவிடும், ஆகவே 2 வோல்ட் பிரீசெட்டை மறுபடி சேர்க்க வேண்டும்.