எம்ஜிபி ஜிடிக்குள் 4.6 லிட்டர் வி8 இறங்கிய கதை

என்னுடையது 1978 எம்ஜிபி ஜிடி, பிரிட்டிஷ் எம்ஜி நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார், கறுப்பு ரப்பர் பம்பர் வைத்த மாடல். இங்கிலாந்தில் எம்ஜி பிரியர்கள் இதை அவ்வளவாக மதிப்பதில்லை; குரோம் பம்பர் வண்டிக்குத்தான் விலையும் மரியாதையும். ஆனால் பெரிய எஞ்சின் போட நினைப்பவருக்கு ரப்பர் பம்பர் வண்டிதான் லாபம். எம்ஜியின் ஆபிங்டன் தொழிற்சாலை 1973 முதல் 1976 வரை 3.5 லிட்டர் ரோவர் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) எஞ்சினோடு 2591 ஜிடிகளைக் கட்டியது. அதற்காக எஞ்சின் அறையில் செய்த மாற்றங்கள் பிற்பாடு வந்த நான்கு சிலிண்டர் வண்டிகளின் பாடியிலும் அப்படியே இருக்கின்றன. 1977 மாடலிலிருந்து ரேடியேட்டரும் முன்னால் தள்ளிப் போய்விட்டது. பாதி வேலை எனக்கு முன்பே முடிந்திருந்தது.

நான் எடுத்தது பி38 ரேஞ்ச் ரோவரில் வந்த 4.6 லிட்டர் எஞ்சின். 1961இல் அமெரிக்காவில் பியூக் கொண்டுவந்த அலுமினிய வி8இன் வழிவந்ததுதான் இதுவும். பழைய 3.5இல் போர் (சிலிண்டர் விட்டம்) 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 71.1 மி.மீ.; 4.6இல் 94க்கு 82. வெளியே பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம். வி8 என்றதும் முன்பக்கம் கனத்து வண்டி மூக்குக் குத்தும் என்று பயப்படுவார்கள். உண்மையில் எம்ஜிபியின் 1798 சிசி இரும்பு எஞ்சினைவிட இந்த அலுமினிய வி8 எடை குறைவு.

பழைய 4.6 வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் லைனரை, அதாவது சிலிண்டருக்குள் செருகியிருக்கும் இரும்புக் குழலை, பாருங்கள். லைனருக்குப் பின்னால் அலுமினியம் விரிசல் விடுவதும், லைனர் தளர்ந்து நகர்வதும் இந்த எஞ்சினுக்கே உரிய வியாதி. சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்து கூலன்டுக்குள் அழுத்தம் ஏறும். பலர் காரணம் புரியாமல் ஹெட் கேஸ்கெட்டைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்கள். நான் யோசிக்காமல் பிளாக்கை மெஷின் ஷாப்புக்கு அனுப்பி, மேல்விளிம்பு வைத்த 'டாப் ஹேட்' லைனர்கள் போடச் சொன்னேன். செலவில் பெரிய பங்கு இதற்கே போனது, வருத்தமில்லை. கூடவே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் கொஞ்சம் சூடான (பவர் கூட்டும்) ரகம், புது ஹைட்ராலிக் லிஃப்டர்கள். கம்ப்யூட்டர் வேண்டாம் என்பதால் 3.9 லிட்டர் ரோவர் வி8இன் கடைசிக் கால முன்கவரைத் தேடிப் பிடித்தேன். அதில் பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடம் உண்டு, ஆயில் பம்ப் கிராங்க்கிலிருந்தே ஓடும்.

அப்புறம்தான் உயரப் பிரச்சினை. எஞ்சின் இறங்கிவிடும், பானெட் மூடாது. ரேஞ்ச் ரோவரின் இன்ஜெக்‌ஷன் பிளீனம் (காற்று உள்ளே போகும் பெட்டி) ஒரு மாடி வீடு மாதிரி மேலே நிற்கும். தொழிற்சாலைக்கு முன்பே வி8 போட்டு விற்ற கென் காஸ்டெல்லோவின் வண்டிகளில் பானெட்டில் ஒரு மேடு இருக்கும். ஆபிங்டன்காரர்கள் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் பின்னுக்குத் தள்ளி வைத்து, சாதா பானெட்டையே மூட வைத்தார்கள். எனக்கும் மேடு பிடிக்காது. தாழ்வான மேனிஃபோல்டின் மேல் எடல்ப்ராக் 500 கார்புரேட்டர், அதற்கு மெல்லிய ஏர் ஃபில்டர் என்று முடிவு செய்தேன்.

இடைவெளியை அளக்க டேப் உதவாது. ஃபில்டர் மூடியின் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கியதன் தடிமனைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுன்ட்களில் ஆடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னும் இறக்கலாமே என்றால், கீழே ஆயில் தொட்டியான சம்ப்பும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரும் வழிவிட வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் மேலும் கீழும் பேரம் பேசி, ஒருவழியாக மூடியது.

அகலத்திலும் தொல்லைதான். வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகிலேயே ஸ்டீயரிங் தண்டு போகிறது. பிளாக்கை ஒட்டிய மேனிஃபோல்டு போட்டால் அந்த இடுக்கிலும் நுழையும், ஆனால் சூடு முழுவதும் பானெட்டுக்குள் தங்கி ஸ்டார்ட்டரை வாட்டும். 1990களில் வந்த எம்ஜி ஆர்வி8இல் குழாய்களை உள்மட்கார்டு வழியாகச் சக்கரப் பக்கம் வெளியே எடுத்தார்கள். அதையே பின்பற்றினேன். நல்ல தகட்டில் ஓட்டை போடக் கை வரவில்லை. அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி, பலமுறை வைத்துப் பார்த்து, வெட்டிய விளிம்புக்குப் பட்டை வெல்டிங் செய்தபின்தான் மனது ஆறியது. ஆயில் ஃபில்டரையும் அதன் இடத்தில் வைக்க முடியாது. ஹோஸ் போட்டுத் தனியாக மாட்டினேன்.

கியர்பாக்ஸ் ரோவர் எஸ்டி1இன் ஐந்து கியர் எல்டி77. கியர்பாக்ஸ் உட்காரும் தரைநடு டனலைச் சுத்தியலால் அகட்டி, புது மவுன்ட் செய்து உட்கார வைத்தேன். பின் ஆக்ஸிலில் 3.9 கியர் விகிதத்தை எடுத்துவிட்டு தொழிற்சாலை வி8 வண்டியின் 3.07 போட்டேன். இல்லையென்றால் மோட்டார்வேயில் இத்தனை டார்க்கை வைத்துக்கொண்டு எஞ்சின் வீணாகக் கத்தும். புரொப்பல்லர் ஷாஃப்டை ஆக்ஸில் மாட்டி, வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றபிறகு அளந்து வெட்டக் கொடுங்கள். முன் பிரேக்குக்கு வி8இன் தடித்த டிஸ்க்கும் கேலிப்பரும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரிலேயே சுற்றினேன். பழைய 3.5 என்றால் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு டிரில் வைத்தே பம்பைச் சுழற்றலாம். இதில் அந்த வசதி கிடையாது. பிடித்ததும் ஐடிலில் விடக் கூடாது. புது கேம் தேயாமல் படிய, 2000 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். புது மேனிஃபோல்டின் பூச்சு புகையத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். கையசைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை விடாமல் நின்றேன்.

காகித வேலையும் உண்டு. எஞ்சின் எண்ணும் சிசியும் மாறியதை வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றங்களை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் விபத்து நாளில் பாலிசி கைவிட்டுவிடும். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் செய்யாதவரை, எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபிக்குத் தொழிற்சாலையே வி8 போட்டிருப்பதால் இது பெரிய மாற்றமே இல்லை என்று வாதாட இடமிருக்கிறது. நான் வாதாடவில்லை, வருடாவருடம் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். இத்தனை போல்ட்டுகளை நானே முடுக்கிய வண்டிக்கு அடியில் இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லதுதான். இப்போதைக்கு மிச்சமிருக்கும் குறை ஒன்று: குளிர்காலக் காலையில் எல்டி77 சூடாகும்வரை இரண்டாவது கியர் விழ மறுக்கிறது. ஆயிலை மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.